குடத்து விளிம்பில் மூன்று தாய்மாமன்கள்

"பேரச் சுருக்கக் கூடாது தாயி. முழுசா வரணும். ஒரே வரி. குடத்தத் திருப்பாம, நேரா நின்னு பாத்தா வாசிக்க முடியணும்."

கடைப்படியில் செருப்பைக் கழற்றும்போதே குற்றாலநாதன் இதைச் சொல்லிவிட்டார். மாரித்தாய் தலையை ஆட்டினாள். தென்காசியில் பாத்திரத்தில் பேர் போட வருகிற எவரும் இதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. சீர்ப் பாத்திரங்களை மண்டபத்தில் வரிசையாக வைக்கும்போது பேர் சபையைப் பார்த்து இருக்க வேண்டும். குடத்தைத் திருப்பிப் படிக்கிற பேர், போடாத பேருக்குச் சமம். இரண்டு வரியாகவும் போடக் கூடாது. கீழ்வரியில் வருகிறவருக்கு முகம் தொங்கிப் போகும். ஆக ஒரு குடத்தில் மனிதனுக்கு மரியாதை கிடைக்கிற இடம் முன்பக்கம் ஒரு சாண். அந்த ஒரு சாணுக்குள் ஒரு குலமே வந்து நிற்க ஆசைப்படும்.

குற்றாலநாதன் கொண்டுவந்த குலத்தில் தாய்மாமன்கள் மூன்று பேர். மூத்தவர் அவர். அடுத்தவர் கோமதிநாயகம். கடைசி சிவசைலம். தங்கை மகளுக்கு ஆவணி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். குடம், அண்டா, தட்டு, டம்ளர் எல்லாவற்றிலும் மூன்று தாய்மாமன்களும் வர வேண்டும்.

"சின்னவன் வெசயத்துல மட்டும் கொஞ்சம் பாத்து," என்று குரலைத் தாழ்த்தினார். "காதுகுத்துக்குப் போட்ட குடத்துல அவன் பேரு எறும்பு போன மாதிரி இருந்துச்சாம். இன்னமும் சொல்லிக் காட்டுதான். சடங்குக்கு வரவே இல்ல. கல்யாணத்துக்கும் வரலன்னு வையி, என் தங்கச்சி மேடையிலயே உக்காந்து அழுவா."

"அந்தக் குடம் யாரு வெட்டுனது?"

"நீதான்."

மாரித்தாய்க்கு அந்தக் குடம் ஞாபகமில்லை. ஆனால் எப்படி நடந்திருக்கும் என்பது தெரியும். கையால் வெட்டுகிற எல்லாருக்கும் நடப்பதுதான் அது. முதல் பேரைத் தாராளமாக ஆரம்பிப்போம். நடுப்பேர் வரும்போது வலதுபக்கம் இடம் குறைவது கண்ணில் படும். கடைசிப் பேருக்கு வரும்போது எழுத்துகள் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்திருக்கும். எவர்சில்வரில் வெட்டினதை அழிக்க முடியாது. வீட்டுக்குக் கடைசியாகப் பிறந்தவர்கள் எல்லாரும் இந்த ஜில்லாவில் இப்படித்தான் ஒடுங்கிப் போயிருக்கிறார்கள். மூத்தவனுக்கு ஏன் இவ்வளவு நீளமாகப் பேர் வைத்தீர்கள் என்று யாரும் அப்பா அம்மாவைக் கேட்பதில்லை. பேர் வெட்டினவளைத்தான் கேட்கிறார்கள்.

மேலகரத்துக்கு மருமகளாக வந்த வருஷம் ஜெகதீஸ்வரன் அண்ணாச்சி கடையில் ஊசி மிஷினைப் பிடித்தவள் அவள். பேனா மாதிரிதான் இருக்கும். சுவிட்சைப் போட்டால் நுனி ஊசி சொர்ரென்று அதிரும். அந்த அதிர்வு விரல் வழியாக முழங்கைக்கு ஏறும். இத்தனை வருஷமாக ஏறினது இப்போது மணிக்கட்டில் குடியிருந்துவிட்டது. தோசையைத் திருப்பினால் கரண்டி தானாக நழுவுகிறது. இனி அந்த ஊசியைத் தொட்டால் கை உனக்கு இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஒன்றும் வருத்தப்படவில்லை. ஊசி மேல் அவளுக்கு எந்தப் பாசமும் கிடையாது. சனியன் தொலைந்தால் போதும் என்றுதான் இருந்தாள்.

அதற்கு ஏற்றாற்போல் அண்ணாச்சி ஒரு லேசர் மிஷின் இறக்கியிருந்தார். வாங்கிவிடவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கம்பெனிக்காரனிடம் அவகாசம் கேட்டு வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் பேரை அடித்துப் பாத்திரத்தை மிஷினுக்கு அடியில் வைத்தால் போதும். கைக்கு வேலையில்லை.

"ஆவணி முகூர்த்தம் முடியுத வரைக்கும் பாப்பேன்," என்றார் அண்ணாச்சி. "ஆளுவ ஒத்துக்கிட்டா நிக்கட்டும். இல்லன்னா மூட்ட கட்டி அனுப்பிருவேன். நீ பழைய ஊசியவே எடுத்துக்க."

"கை போயிரும் அண்ணாச்சி."

"அப்ப நீயே அத நிக்க வையி."

அதுதான் முடியாமல் இருந்தது. மிஷினோடு வந்த தமிழ் எழுத்து பாடப்புத்தகத்து எழுத்து. சப்பணம் போட்டு, முழங்காலை இரண்டு பக்கமும் விரித்து உட்கார்ந்திருக்கும். குற்றாலநாதனின் பேரை அடித்துக் குடத்தில் அளந்து பார்த்தாள். அவர் ஒருவரே பாதிச் சாணை எடுத்துக்கொண்டார். கோமதிநாயகம் வந்ததும் சாண் தீர்ந்துவிட்டது. சிவசைலம் குடத்தின் முதுகுப்பக்கம் போய்விட்டார்.

சரி, ஒடுக்கிப் பார்ப்போம் என்று மவுஸால் வரியின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினாள். வரி ஒடுங்கியது. எழுத்தில் நிற்கிற கோடெல்லாம் மயிராக இளைத்தது. படுக்கிற கோடெல்லாம் அப்படியே தடியாகக் கிடந்தது. ஒரு டம்ளரில் வெட்டிப் பார்த்தாள்; எவர்சில்வர் பளபளப்பில் இளைத்த கோடு கண்ணுக்கே தெரியவில்லை. 'நாதன்' என்பதில் காலைக் காணோம். போதாததற்கு, எழுத்தின் மூலைகளில் லேசர் ஒரு கணம் நின்று திரும்புகிற இடத்தில் கறுப்பாகத் தீய்ந்தது.

"என்னளா இது, வடகம் கருகுன மாதிரி இருக்கு," என்றார் அண்ணாச்சி.

அன்றைக்கு அந்த டம்ளர் வீட்டுக்கு வந்தது. தப்பாகிப் போன பாத்திரம் எல்லாம் மாரித்தாய் வீட்டுக்குத்தான் வரும். வேறு யார் வாங்குவார்கள்? அவள் சமையலறையில் இருக்கிற எந்தப் பாத்திரத்திலும் அவள் வீட்டுப் பேர் கிடையாது. யாரோ ஒரு பெண்ணின் பூப்புனித நீராட்டு விழாவில்தான் தினமும் ரசம் கொதிக்கும்.

அவள் கணவன் விஜயசங்கர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் மினி பஸ் ஓட்டுகிறவன். உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் அவனிடம் மினி பஸ்ஸிலிருந்து ஒரு யோசனை இருக்கும்.

"இதுக்கு எதுக்குட்டி மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? சீசன்ல என் வண்டியில எத்தன பேரு ஏறுதாங்க? வண்டியையா இழுத்துப் பெருசாக்குதேன்? ஆளு அவனவன் தோளச் சுருக்கிட்டு நிக்கான். காலும் கையும் அப்படியேதான் இருக்கு. மெலிஞ்சா போயிட்டான்?"

எரிச்சலாக வந்தது. ஏனென்றால் அவன் சொன்னது சரியாக இருந்தது. மவுஸால் தள்ளினால் எழுத்து மெலியும். தோளைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி எழுத்தை முதலிலிருந்தே வரைய வேண்டும்.

மறுநாளிலிருந்து கட்டம் போட்ட தாளில் வரைய ஆரம்பித்தாள். மணிக்கட்டுக்கு பென்சில் ஒன்றும் செய்யவில்லை. தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் பயமுறுத்தியிருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவு இல்லை. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனி. ஒரு தடவை வரைந்தால் போதும். உகரமும் ஊகாரமும்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உயிரை வாங்கும்.

கோடு முழுக்க ஒரே தடிமன் என்று முதலில் முடிவு செய்தாள். நிற்கிற கோடும் படுக்கிற கோடும் சமம். எவரும் இளைக்கக் கூடாது. கோட்டின் முனை எல்லாம் உருண்டை. லேசருக்கு முட்டி நின்று திரும்ப மூலை இல்லையென்றால் தீயாது. வட்டமாக இருந்த சுழிகளை எல்லாம் கோவைக்காயை நிறுத்தி வைத்த மாதிரி நீளவாக்கில் நிறுத்தினாள். 'க'வும் 'த'வும் சொன்னபடி கேட்டன. 'ம' பிரச்சினையே இல்லை. 'ண' அடங்க மாட்டேன் என்றது. இடுப்பைப் பிடித்தால் வாய் பிதுங்கும். வாயைப் பிடித்தால் உள்ளே வெளிச்சம் இல்லாமல் சுழி அடைந்துபோகும். நாலு தாள் கிழித்தபிறகு மற்ற எழுத்தைவிட அதற்குக் கொஞ்சம் அகலம் கொடுத்து விட்டுவிட்டாள். வீட்டில் யாராவது ஒரு ஆள் அப்படி இருக்கத்தான் செய்யும்.

"ஏட்டி, 'ழ'வுக்கு வால் ஏன் இப்படித் தொங்குது?" என்று தோளுக்கு மேலிருந்து கேட்டான் விஜயசங்கர்.

"பசிச்சா சோறு போட்டுத் தின்னுங்க."

"இல்ல, கேட்டேன். வண்டியில நிக்கவன் பைய காலுக்கு நடுவுல வப்பான். அத மாதிரி வால உள்ளுக்க மடக்கேன்."

வாலை உள்ளே மடக்கினாள். சரியாக வந்தது. அதற்காக அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தாளில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோக தேவாவிடம் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறவன். ஃபான்ட் செய்கிற சாஃப்ட்வேர் தெரிந்த ஆள் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருவன்தான். அந்தத் திமிர் நிறைய உண்டு.

"வச்சிட்டுப் போங்கக்கா. நாளைக்கு முடிச்சிரலாம்."

நாளைக்குப் போனால் ஒரு கட்சிக்காரர் பிறந்தநாள். அதற்கு அடுத்த நாள் போனால் ஒரு பள்ளிக்கூடத்தில் முதல் மார்க். அப்புறம் போனால் வரிசையாக மூன்று சாவு.

"சாவு சொல்லிட்டா வருதுக்கா?"

"என் சாவுக்கு அடிக்கதுக்காவது இந்த எழுத்து ஆகுமாலே?"

வெட்கப்பட்டானோ, அவள் கடை வாசலை விட்டு நகரவில்லையே என்று பயந்தானோ, அன்றைக்கு உட்கார்ந்தான். ஒவ்வொரு எழுத்தையும் ஸ்கேன் செய்து கோட்டின் மேல் புள்ளி வைத்து இழுத்தான். அவள் பக்கத்தில் நின்று "இன்னும் உள்ள, இன்னும் உள்ள," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புள்ளி எழுத்தோடு ஒட்டக் கூடாது என்று சண்டை போட்டாள். கடைசியில் ஃபான்டுக்குப் பேர் கேட்டான். பேர் வேறு வைக்க வேண்டுமா என்று எரிச்சலில் திரும்பினாள். அவனே 'மாரி ஒடுக்கம்' என்று அடித்துக்கொண்டான்.

கடையில் அதைப் போட்டதும் அண்ணாச்சி முதலில் தன் பேரைக் கேட்டார். ஜெகதீஸ்வரன் ஒரு சின்ன டம்ளர் விளிம்பில் முழுசாக, கருகாமல், ஒழுங்காக வந்து நின்றார். டம்ளரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம பேரு கொஞ்சம் நோஞ்சானாத் தெரியல?"

"நோஞ்சான் இல்ல அண்ணாச்சி. நெருங்கி நிக்கியோ."

"ம். பாப்போம். குத்தாலநாதன் ஆர்டரு முடியட்டும்."

பழைய டம்ளர் ஒன்றில் மூன்று பேர்களையும் மாதிரி போட்டுக் குற்றாலநாதனுக்குக் காட்டினாள். 'தாய்மாமன்கள்' என்று ஆரம்பித்துச் சிவசைலம் வரை ஒரே வரியில், ஒரே பருமனில் வந்திருந்தது. குற்றாலநாதன் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். மாரித்தாய் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் அவள் யார் பாராட்டுக்கும் காத்திருந்தவள் இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கொஞ்சம் காத்திருந்தாள்.

"இந்தப் பக்கம் எடம் மிஞ்சுதே," என்றார் அவர்.

"ஆமா. ஒடுக்கமான எழுத்துல்லா."

"அப்ப என் பேருக்குப் பின்னால குழல்வாய்மொழின்னு போட்டுரு. வீட்டுக்காரி பேரு."

போட்டாள். சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. அவர் பெஞ்சாதி பேர் வந்தால் தம்பி பெஞ்சாதி பேரும் வர வேண்டாமா? மறுநாள் காலையில், அவள் இட்லிக் கொப்பரையை இறக்கும்போது, வாய்ஸ் மெசேஜ். அவர் சும்மா குற்றாலநாதன் இல்லையாம். ஓய்வு பெற்ற மேற்பார்வையாளர். அதை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். மத்தியானம் இன்னொரு மெசேஜ்: பேரன் பேரைக் கடைசியில் சின்னதாகச் சேர்த்தால் நன்றாக இருக்கும், குழந்தை ஆசைப்படுகிறது. குழந்தைக்கு வயது ஒன்றரை.

ஒவ்வொரு தடவையும் எழுத்தை இன்னும் கொஞ்சம் சிறிதாக்கினாள். நாலாவது தடவை திரையில் பார்த்தபோது சிவசைலம் மறுபடியும் எறும்பாக இருந்தார். அவர் மட்டுமல்ல, எல்லாரும் எறும்பாக இருந்தார்கள். அண்ணாச்சி பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். போகிற போக்கில் பழைய ஊசி மிஷினை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, மேஜை மேல் வைத்தார். வாயால் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் விஜயசங்கர், "ஒன் எழுத்து குத்தாலத்துல அருவிக்குப் போற வழியெல்லாம் நிக்குதே, பாத்தியா?" என்றான்.

"எது நிக்குது?"

"தேவா அடிச்ச போர்டு பூரா ஒன் எழுத்துதான். நாளைக்கு வண்டியில வா, காட்டுதேன்."

மறுநாள் கடைக்கு முன்னால் முதல் டிரிப்பில் போனாள். சாரல் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. ஈரத்துண்டோடு ஏறினவர்கள் நடுவில் டிரைவருக்குப் பின்னால் நின்றபடி பார்த்தாள். எண்ணெய்க் கடைப் பலகை. வண்டி நிறுத்தும் இடம். ரம்புட்டான் வைத்திருக்கிற தள்ளுவண்டி. எல்லாம் அவள் எழுத்துதான். ஆனால் எல்லாவற்றையும் பக்கவாட்டில் பிடித்து இழுத்து விரித்திருந்தான். அவள் நாலு தாள் கிழித்து நிறுத்தின 'ண' தரையில் கால் நீட்டிப் படுத்திருந்தது. கோவைக்காய் எல்லாம் பரங்கிக்காயாக இருந்தது. நிற்கிற கோடு தடித்து, படுக்கிற கோடு இளைத்து, பார்க்கவே வீங்கின மூஞ்சி மாதிரி இருந்தது.

"எப்படி?" என்றான் விஜயசங்கர், ஏதோ அவனே வரைந்த மாதிரி.

"வண்டிய நிறுத்துங்க. எறங்கணும்."

"இங்கன ஸ்டாப்பு இல்லட்டி."

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி எண்ணெய்க் கடைக்குத் திரும்பி நடந்தாள். கடை அலிமாவுடையது. மாரித்தாய்க்குத் தெரிந்தவள்தான், கடைக்கு வேண்டிய செம்பு, கிண்ணம் எல்லாம் அண்ணாச்சி கடையில் வாங்குகிறவள். "வா மாரி, நனைஞ்சிட்டு வார," என்று ஸ்டூலைத் தள்ளினாள். மாரித்தாய் உட்காரவில்லை. பலகையைத் திட்டி முடித்துவிட்டுத்தான் உட்காரலாம் என்று வாயைத் திறந்தவள், அலமாரியில் வரிசையாக இருந்த தைல பாட்டில்களைப் பார்த்து நிறுத்தினாள்.

பாட்டில் ஒல்லி. லேபிளுக்கு அகலமே கிடையாது. பக்கவாட்டில் இழுக்க தேவாவுக்கு வழியில்லாமல் போயிருந்தது. அதனால் எழுத்தை அப்படியே உயரமாக வளரவிட்டிருந்தான். 'மூலிகைத் தைலம்' என்பது லேபிளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. கடைக்கு வெளியே, தலையில் தண்ணீர் சொட்ட நின்ற ஒருவர் தெருவிலிருந்தே அதை வாசித்து, "அது எவ்வளவு?" என்று கைகாட்டினார்.

"இந்த லேபிளு வந்த பொறவு கண்ணாடி போடாத ஆளும் கேட்டு வாங்குதாங்க," என்றாள் அலிமா. "முந்துன லேபிள நானே பூதக்கண்ணாடி வச்சுத்தான் பாப்பேன். எழுத்து யாரு போட்டதோ, நல்லா ஓங்கி நிக்குது."

"ஒரு கிறுக்கி போட்டது," என்றாள் மாரித்தாய். பலகையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அடுத்த வண்டியில் ஏறிவிட்டாள்.

திரும்புகிற வழியில் தேவா கடையில் இறங்கித் திட்ட வேண்டியதைத் திட்டினாள்.

"ஒடுக்கி வரைஞ்ச எழுத்த எவனாவது விரிப்பானாலே? ஒடுக்கத்தான வேணும்னு நான் உயிர விட்டேன்?"

தேவாவுக்கு அவள் ஏன் கோபப்படுகிறாள் என்றே புரியவில்லை. "போர்டுல எடம் சும்மா கெடந்துச்சுக்கா. விட்டா பார்ட்டி அங்க செல்போன் நம்பரப் போடுங்கான், சாமி படத்தப் போடுங்கான், மச்சினன் போட்டோவப் போடுங்கான். எடம் காலியா இருக்கத நம்ம ஆளு எவன் பொறுத்துக்கிட்டான்? அதான் நானே இழுத்து ரொப்பிட்டேன்."

அவனை இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பாள். ஆனால் குற்றாலநாதன் ஞாபகம் வந்துவிட்டது. மிஞ்சின இடத்தைக் காட்டினது அவள்தானே. சும்மா கிடந்த அரைச் சாணைப் பார்த்துவிட்டுத்தானே அந்த மனுஷன் பேரன் வரைக்கும் போனார்.

"ரொப்புனது சரிலே. அகலத்துல ரொப்புனதுதான் தப்பு. உசரத்துல ரொப்பணும்."

"உசரத்துல ரொப்புனா போர்டு பத்தாதுக்கா."

"ஒனக்குப் பத்தாது. எனக்குப் பத்தும்," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

கடைக்கு வந்து யாரையும் கேட்கவில்லை. பெஞ்சாதிகளை எடுத்தாள். மேற்பார்வையாளரை எடுத்தாள். பேரனை எடுத்தாள். 'தாய்மாமன்கள்' என்பதையும் மூன்று பேரையும் மட்டும் வைத்துக்கொண்டு, வரியை அப்படியே, கோணாமல் குறுகாமல், இரண்டு பக்கமும் சாண் நிறையும் வரை வளர்த்தாள். குடத்து விளிம்பின் உயரம் சும்மாதான் கிடந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. எழுத்து வளர்ந்து மேல் மடிப்பைத் தொட்டது. அதற்குமேல் ஒரு நூல்கூட இடமில்லை. மாதிரி டம்ளரில் போட்டுப் பார்க்கவில்லை; நேராகச் சீர்க் குடத்தையே மிஷினுக்கு அடியில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள்.

"ஏளா, பார்ட்டியக் கேட்டியா?" என்று கத்தினார் அண்ணாச்சி.

"கேட்டாத்தான் பேசுவாரு."

குடம் தப்பானால் அவள் வீட்டுக்குத்தான் போகும் என்பது இருவருக்கும் தெரியும். மிஷின் கோயமுத்தூர்க் கம்பெனிக்கே திரும்பிப் போகும் என்பதும் தெரியும்.

சாயங்காலம் தாய்மாமன்கள் மூன்று பேரும் வந்தார்கள். மூன்று பேரும் ஒன்றாக வந்ததே அதிசயம். சிவசைலம் மட்டும் கடைக்கு உள்ளே வராமல் படியிலேயே நின்றார். கீழே இறங்கிப் போகத் தோதாக ஒரு காலை ஏற்கெனவே தெருவில் வைத்திருந்தார். மாரித்தாய் குடத்தைக் கல்லாப்பெட்டிப் பக்கத்தில், பேர் வாசலைப் பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள்.

"என் பதவி எங்க?" என்றார் குற்றாலநாதன் முதல் வார்த்தையாக.

"எடமில்ல அண்ணாச்சி."

"எடமில்லயா? அன்னைக்கு மிஞ்சிச்சே!"

"நீங்களே பாருங்க. எங்கன இருக்கு? இருந்தாச் சொல்லுங்க, போட்டுருதேன்."

அவர் குடத்தை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். விரலை வைத்து அழுத்தினார். உண்மையிலேயே இடமில்லை. படியில் நின்ற சிவசைலம் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அண்ணனுக்கு எடமில்லயாம்ல," என்றார் கோமதிநாயகத்திடம். குரலில் காதுகுத்திலிருந்து சேர்த்துவைத்த சந்தோஷம் இருந்தது. "இங்கன நின்னே என் பேரு வாசிக்க முடியுது."

"உள்ள வந்து பாருலே," என்றார் கோமதிநாயகம்.

உள்ளே வந்தார். குனிந்து தன் பேரைப் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அண்ணன் பேரின் உயரத்துக்குப் பக்கத்தில் வைத்து நகத்தால் அடையாளம் பிடித்தார். அதே சாவியைத் தன் பேருக்குப் பக்கத்தில் வைத்தார். நகம் சரியாக அங்கேயே நின்றது. கோட்டின் தடிமனையும் பார்த்தார். அதற்கும் குறை சொல்ல முடியவில்லை.

"ஆனா நீளத்துல கம்மியா இருக்கே," என்றார்.

மாரித்தாய்க்கு அன்றைக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் அதோடு தீர்ந்தது.

"ஒங்க பேருல எழுத்தே அஞ்சுதான அண்ணாச்சி இருக்கு? அவியளுக்கு ஏழு. அத நானா வச்சேன்? ஒங்க அம்மையப் போயிக் கேளுங்க."

கோமதிநாயகம்தான் முதலில் சிரித்தார். அம்மை போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. உயிரோடு இருந்தாலும் அவளிடம் போய் இதைக் கேட்கிற தைரியம் மூன்று பேரில் ஒருவருக்கும் இருந்திருக்காது. சிவசைலமும் சிரித்துவிட்டார். குற்றாலநாதன் சிரிக்கவில்லை. ஆனால் தம்பி சிரித்ததைப் பார்த்துவிட்டு, "சரி, எல்லாத்துலயும் இப்படியே போட்டுரு," என்றார். அப்புறம் அவருக்காகவே கொஞ்சம் தாழ்ந்த குரலில், "சபையில தூரத்துல இருந்து தெரியும்லா?" என்று கேட்டுக்கொண்டார்.

"பந்தியில இருந்தே தெரியும்."

அவர்கள் போனபிறகு அண்ணாச்சி குடத்துக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அது அவர் கண்ணில் பட்டதா என்பதே சந்தேகம்.

"மாரி, மூணு பேருல ஒருத்தன்கூட சண்ட போடலயே?"

"எல்லாரையும் ஒண்ணுபோல ஒடுக்கியாச்சு. யாரச் சொல்லிச் சண்ட போட?"

போனை எடுத்துக் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டார். "மிஷின் இருக்கட்டும். ஆமா, நிக்கட்டும்," என்று சொல்லி வைத்தார். மேஜை மேல் கிடந்த ஊசி மிஷினை ஒயரோடு சுற்றி மாரித்தாய் கையில் கொடுத்தார், உள்ளே வைக்கச் சொல்லி. அவள் அதை வாங்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரே எழுந்துபோய் வைத்தார்.

"நாளையில இருந்து மத்த கடை ஆர்டரையும் வாங்கிருவோம்," என்றார் அங்கிருந்தபடியே, உற்சாகமாக. "ராவு வரைக்கும் ஓட்டலாம். கைக்குத்தான் வேலையில்லயே ஒனக்கு."

மாரித்தாய் கம்ப்யூட்டருக்கு முன்னால் தான் உட்காருகிற முக்காலியைக் காலால் வெளியே தள்ளினாள். ஒரு கால் குட்டையான முக்காலி. அடியில் அட்டை மடித்து வைத்திருந்தது.

"அண்ணாச்சி, முதுகு வச்ச நாற்காலி ஒண்ணு வேணும்."

"நாற்காலி எதுக்கு? சாஞ்சா தூக்கம் வரும்."

"சுத்துத நாற்காலி. கீழ சக்கரம் வச்சது."

"கையக் காப்பாத்திக் குடுத்தா முதுகுக்கு வருதியே!"

அவள் அண்டாவைத் தூக்கி மிஷினுக்கு அடியில் வைத்தாள். திரையில் மூன்று தாய்மாமன்களும் தயாராக நின்றார்கள். பொத்தானின் மேல் விரலை வைத்தாள், அமுக்கவில்லை. அண்ணாச்சி அவள் விரலைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், வாசலில் தட்டோடு ஏறிக்கொண்டிருந்த அடுத்த பார்ட்டியைப் பார்த்தார்.

"சக்கரம் வேண்டாம்," என்றார் கடைசியில். "முதுகு மட்டும்."

"சக்கரமும்," என்றாள் மாரித்தாய்.